நாலு துண்டு இரும்பு, நடுவில் ஒரு சதுரம்

முறுக்குக் காப்புக்கு வேண்டியது சதுரக் கம்பி. வெள்ளிக் கம்பியின் ஒரு முனையை வைஸில் இறுக்கிவிட்டு மறுமுனையைப் பிடித்துத் திருகினால் நாலு விளிம்பும் நாலு கொடிபோலச் சுற்றிக்கொண்டு ஏறும். வெளிச்சம் அந்த விளிம்பில்தான் விழும். காப்பின் அழகு முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆனால் கம்பி ஓரிடத்தில் 4 மில்லிமீற்றர், இன்னோரிடத்தில் 3.7 என்று இருந்தால் மெலிந்த இடம் முந்திக்கொண்டு முறுகும், தடித்த இடம் சோம்பி நிற்கும். ஒரு பக்கம் நெருக்கமாக, ஒரு பக்கம் அகலமாக, பார்த்த கண்ணுக்கு உடனே தெரியும்.

என் மாமா காரைதீவில் நகைப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் இருக்கும் கம்பி அச்சு அவருடைய தகப்பன் காலத்தது. ஒரு சாண் நீள எஃகுத் தகடு, அதில் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாய்த் துளைகள். கம்பியைத் துளைக்குள்ளால் இழுத்தால் அது துளையின் அளவுக்கும் வடிவத்துக்கும் மெலிந்து வரும். வட்டத் துளைகள் இன்னும் பரவாயில்லை. சதுரத் துளைகள்தான் போய்விட்டன. ஐம்பது வருசமாக வெள்ளியும் பித்தளையும் உரசி உரசி மூலைகள் உருண்டு, 4 என்று வெட்டிய துளை இன்று 4.3 காட்டுகிறது. அதனால் மாமா கம்பியைப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் சதுரமாக்குவார். அவருடைய கை நல்ல கை. என்றாலும் அடுத்தடுத்து எட்டுக் காப்புக்கு ஓர்டர் வந்தால் எட்டையும் ஒரே அளவில் தட்டுவது அறுபத்தெட்டு வயதுத் தோளுக்குப் பெரிய வேலை.

புது அச்சு வாங்கலாம். ஆனால் பிள்ளைக் காப்புக்கு 2.5, பெரியவருக்கு 4, பட்டைக் காப்புக்கு 6க்கு 2, அடுத்த ஆள் 5க்கு 2 கேட்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை என்றால் தகடு வாங்கி முடியாது. அளவை மாற்றக்கூடிய ஒரே அச்சு இருந்தால் எல்லாம் அதிலேயே நடக்கும். நான் கல்முனையில் லேத் வேலை செய்கிறவன். செய்து தருகிறேன் மாமா என்று சொல்லிவிட்டேன். ஒரு கிழமை வேலை என்று நினைத்தேன், ஆறு கிழமை போனது.

முதலில் மனதில் வந்தது இரண்டு தாடை. மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டிலும் வி வடிவில் வெட்டு, போல்ட்டால் நெருக்கினால் சதுரம். காகிதத்தில் கீறிப் பார்த்ததும் கைவிட்டேன். அப்படிச் செய்தால் சதுரம் மட்டும்தான் கிடைக்கும், பட்டை கிடைக்காது. அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியாக மாற்ற நாலு துண்டு வேண்டும்.

அந்த நாலையும் அடுக்கும் முறையில்தான் விசயம் இருக்கிறது. தென்னோலையில் பிள்ளைகள் செய்யும் காற்றாடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழின் அடியும் அடுத்த இதழின் பக்கத்தில் போய் ஒட்டி நிற்கும். அதேமாதிரி மேல் துண்டின் இடது முனை இடத் துண்டின் பக்கத்தில் முட்டும். இடத் துண்டின் கீழ் முனை கீழ்த் துண்டின் முதுகில் முட்டும். கீழ்த் துண்டின் வலது முனை வலத் துண்டில், வலத் துண்டின் மேல் முனை மேல் துண்டில். நடுவில் மிஞ்சுவதுதான் துளை. இப்போது இடத் துண்டை அசையாமல் கட்டிவிடுங்கள். மேல் துண்டு மேலும் கீழும் மட்டும் போகும், கீழ்த் துண்டு இடமும் வலமும் மட்டும் போகும், வலத் துண்டு இரண்டு பக்கமும் போகும். இவ்வளவுதான். இந்த மூன்றையும் நகர்த்தினால் எந்த அகலம், எந்த உயரம் வேண்டுமானாலும் மூலையில் வெளி விழாமல் கிடைக்கும். இது விளங்கிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நாலு தீப்பெட்டியை மேசையில் வைத்து நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்களும் செய்து பாருங்கள், வாசிப்பதைவிடச் சீக்கிரம் விளங்கும்.

துண்டுகளுக்கு இரும்பு சம்மாந்துறையில் ஒரு கராச்சில் கிடைத்தது. உடைந்த லொறி ஸ்பிரிங் தகடு, 12 மில்லிமீற்றர்த் தடிப்பு. "அச்சுக்கா தம்பி? பெயாரிங் வளையம் இன்னும் கடினமாச்சே" என்று கராச் நானா கேட்டார். உண்மைதான், ஆனால் வளையம் வளைந்தது, எனக்கு நேர்த்துண்டு வேண்டும். ஸ்பிரிங் தகடு வெள்ளிக்கும் செம்புக்கும் தாராளமாகத் தாங்கும்.

அதை அப்படியே வெட்டவோ அரத்தால் ராவவோ முடியாது, கடினமாக இருக்கும். முதலில் மென்மையாக்க வேண்டும். உலையில் நல்ல சிவப்பாகக் காய்ச்சி, அரிசி ஆலையில் அள்ளி வந்த உமிச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டேன். மறுநாள் காலை கையை விட்டால் உள்ளே இன்னும் இளஞ்சூடு இருந்தது. உமிச் சாம்பல் சூட்டைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும். எங்கள் பக்கத்தில் இது காசில்லாமல் கிடைக்கிற பெரிய வசதி. எவ்வளவு மெதுவாக ஆறுகிறதோ அவ்வளவு மென்மை.

துண்டு ஒவ்வொன்றும் 40க்கு 25. கம்பி உரசும் முகத்தை மூன்று பகுதியாக ராவினேன். கம்பி நுழையும் பக்கம் 7 பாகைச் சரிவு. 10 மில்லிமீற்றர் ஓட்டத்தில் 1.2 மில்லிமீற்றர் இறக்கம் என்று கீறி வைத்தால் கோணமானி தேவையில்லை. சரிவு முடிகிற இடத்தில் 2 மில்லிமீற்றருக்கு நேரான தளம். அளவைத் தீர்மானிப்பது இந்தத் தளம்தான். கடைசியில் வெளியேறும் விளிம்பை மட்டும் கொஞ்சம் மழுக்கினேன். முதலில் தளத்தை 5 மில்லிமீற்றர் விட்டிருந்தேன், நீளமாக இருந்தால் அளவு பிசகாது என்று. பிசகவில்லைதான், ஆனால் உராய்வில் கம்பி கைவைக்க முடியாத சூட்டோடு வந்தது, செம்பு தளத்தில் அப்பிக்கொண்டது. 2 போதும்.

சட்டம் 20 மில்லிமீற்றர்த் தகட்டில் வெல்டிங் வைத்த சதுரப் பெட்டி, உள்ளே 80க்கு 80. பின்னால் ஒரு தடித்த தகடு, நடுவில் கம்பி போக ஓட்டை. பத்தாம் நம்பர் போல்ட்டுகள், மரை ஒரு சுற்றுக்கு 1.5 மில்லிமீற்றர். தலை அறுகோணம் என்பதால் ஒரு முகம் திருப்பினால் சரியாக 0.25 நகரும். தலையில் ஒரு முகத்துக்கு வெள்ளைப் பெயின்ற் புள்ளி வைத்துவிட்டேன். மேல் போல்ட் உயரத்துக்கு, வலப் போல்ட் அகலத்துக்கு. கீழிருந்து ஒன்றும் இடமிருந்து ஒன்றும் துண்டுகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்க.

சோதிக்க வெள்ளியைத் தொடவில்லை. லேத் பட்டறையில் கிடந்த பித்தளைக் கம்பியை எடுத்தேன். அது ஒரு சாண்கூட வரவில்லை, பொட்டென்று அறுந்தது. காய்ச்சி மென்மையாக்கி மறுபடி இழுத்தேன், மறுபடி அறுந்தது. அறுந்த முகம் சீனி உடைந்ததுபோல மணல்மணலாக இருந்தது. அச்சில்தான் குறை என்று இரண்டு நாள் தேடினேன். குறை கம்பியில். லேத்துக்கு வரும் பித்தளையில் சுலபமாகக் கடைவதற்காகச் சுமார் 3 சதவீதம் ஈயம் சேர்த்திருக்கும். கடையும்போது அது சுருளாகாமல் தூளாகச் சிதறும், தினமும் என் சட்டையில் விழுகிற தூள்தான். எது கடைசலில் தூளாகிறதோ அது இழுப்புக்கு ஆகாது. சுருள் சுருளாக வருவதை எடுங்கள். நான் பிறகு செம்புக்கு மாறினேன்.

செம்பு அறுந்து போகவில்லை. 5 மில்லிமீற்றர் வட்டக் கம்பியை 4 சதுரத்துக்குள் இழுத்தேன். நாலு பக்கமும் பளபளவென்று தட்டை, ஆனால் நாலு மூலையும் உருண்டை. போல்ட்டை இறுக்கினால் மூலை கூராகும் என்று நினைத்தால் அதுவும் இல்லை, கம்பி சிறிதாகிறதே தவிர மூலை நிரம்பவில்லை. யோசித்தால் காரணம் எளிது. இழுக்கும்போது உலோகம் நீளத்துக்குத்தான் ஓடும், மூலைக்குள் போய் உட்கார அதற்கு அவசரம் இல்லை. மூலை வேண்டுமென்றால் அந்த மூலை வரைக்கும் உலோகம் முன்பே இருக்க வேண்டும். 4 மில்லிமீற்றர்ச் சதுரத்தின் மூலைவிட்டம் 5.66. ஆகவே தொடங்கும் வட்டம் அதற்குக் குறையக்கூடாது. நான் 6 எடுத்தேன். பட்டைக்கும் இதே கணக்கு, மூலைவிட்டத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும்.

6இல் தொடங்கியதும் மூலை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஒரு மூலை நெடுக, முடிபோல மெல்லிய ஒரு செதில். விரலால் தடவினால் வெட்டும். இரண்டு துண்டு சந்திக்கும் இடத்தில் செம்பு பிதுங்கிப் போயிருக்கிறது.

முதல் சந்தேகம் துண்டு சாய்கிறது என்று. அதில் உண்மையும் இருந்தது. மேல் போல்ட்டைத் துண்டின் நடுவில் வைத்திருந்தேன், ஆனால் கம்பியின் தள்ளல் துண்டின் இடது முனையில்தான் விழுகிறது. ஒரு பக்கம் தள்ள, மறுபக்கம் தாங்க, துண்டு ஊஞ்சல்போல ஆடுகிறது. போல்ட்டைத் துளைக்கு நேர்மேலே மாற்றினேன். செதில் பாதியாகக் குறைந்தது, போகவில்லை.

பிறகு முகங்கள் சமமில்லை என்று நினைத்தேன். குத்துவிளக்குச் சுடரில் ஒரு துண்டைக் காட்டிக் கரி பிடிக்க வைத்து, மற்றதோடு உரசி, கரி அழிந்த இடத்தை மட்டும் ராவினேன். கடைசியாகக் கண்ணாடித் தட்டில் வால்வ் உரசும் பசையைத் தடவித் தேய்த்தேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தளம் சந்திக்கும் இடத்தில் ஒரு நூல் வெளிச்சம்கூடத் தெரியவில்லை. இழுத்தேன். செதில் இருந்தது.

அன்று பின்னேரம் மாமா வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அச்சைக் கையில் எடுத்து, வெளியேறும் பக்கம் பார்க்காமல் நுழையும் பக்கம் திருப்பி, வாய்க்குள் ஒரு ஊசியை விட்டு மூலையில் துழாவினார். ஊசி உள்ளே போய் நின்றது. "இதுக்குள்ள ஒரு பொந்து கிடக்கு மனே."

அவர் சொன்ன பொந்து அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தளத்தில் துண்டுகள் நன்றாக ஒட்டுகின்றன. ஆனால் நுழையும் பக்கம் ஒவ்வொரு துண்டின் முகமும் 7 பாகை சரிந்து விலகிப் போகிறது, அதை முட்டி நிற்கும் அடுத்த துண்டின் முனையோ நேராக வெட்டியிருக்கிறது. சரிவுக்கும் நேருக்கும் நடுவில் ஆப்பு வடிவில் ஒரு வெளி. ஏற்கெனவே மூலை பிடித்த கம்பியை அடுத்த அளவுக்கு இழுக்கும்போது அந்த மூலை இந்த வெளிக்குள் நுழைந்து, தளத்துக்கு வரும்போது நசுங்கிச் செதிலாகிறது. நான் ஒரு கிழமையாகக் கம்பி வெளியேறும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை அது நுழையும் பக்கத்தில் இருந்தது.

திருத்த வழி ஒன்றுதான். துண்டின் முனையும் அடுத்த துண்டின் சரிவுக்குப் பொருந்தச் சரிந்திருக்க வேண்டும், அதாவது தளத்துக்கு நேரே உள்வாங்கியும் நுழையும் பக்கம் 1.2 மில்லிமீற்றர் முன்தள்ளியும். இருக்கும் துண்டில் உலோகம் கூட்ட முடியாது. ஆகவே நாலையும் புதிதாக வெட்டினேன், இம்முறை 42 நீளத்தில். முகத்தில் இருக்கும் சரிவை முனையிலும் எதிர்மாறாக ராவினேன். ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும்போதும் சரிவோடு சரிவு ஒட்டியே போகிறது, ஏனென்றால் வலத் துண்டு பக்கவாட்டில் போனால் மேல் துண்டின் சரிவு நெடுக ஒரே மாதிரித்தான் இருக்கிறது, மேல் துண்டு ஏறினால் வலத் துண்டும் கூடவே ஏறுகிறது. இந்த ஒரு வேலைக்கு மூன்று சனி, ஞாயிறு. அச்சு முழுவதிலும் இதுதான் உயிர்நிலை. போல்ட், சட்டம், மேசை எல்லாம் எப்படியும் சமாளிக்கலாம், நாலு துண்டும் சந்திக்கும் இடத்தைச் சமாளிக்க முடியாது.

ஊசி போகவில்லை என்று மாமா பார்த்துச் சொன்ன பிறகுதான் கடினமாக்கினேன். உலையில் காய்ச்சிக்கொண்டே கம்பியில் கட்டிய காந்தத்தைக் காட்டினேன். 770 பாகைக்குக் கிட்ட இரும்பு காந்தத்தை விட்டுவிடும். பிறகு துண்டின்மேல் ஒரு சிட்டிகைக் கறியுப்பைத் தூவினேன், உப்பு 801 பாகையில் உருகும். உருகி ஓடியதும் இன்னும் ஒரு நிறம் ஏறவிட்டு, இளஞ்சூடான எண்ணெய்க்குள் இறக்கினேன். தண்ணீரில் இறக்காதீர்கள், ஸ்பிரிங் இரும்பு வெடிக்கும். அரம் வைத்தால் கண்ணாடியில் போல வழுக்கியது. அதே நாள் தெருமுனை வெதுப்பகத்தில் பாண் சுட்டு முடிந்த அடுப்பில் இரண்டு மணித்தியாலம் வைக்கக் கேட்டேன், சம்மதித்தார்கள். தேய்த்துத் துலக்கி வைத்த முகம் வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது, 200 பாகையைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அந்தப் பதம்தான் வேண்டியது. கடைசியாக எமரித் தாளில் மெருகேற்றினேன், கம்பி ஓடுகிற திசையில் மட்டும். குறுக்கே தேய்த்த கீறல் ஒவ்வொன்றிலும் உலோகம் பிடித்துக்கொள்ளும்.

இழுப்பு மேசை மாமாவுடைய தகப்பனுடையது, பாலை மரம், ஒரு ஆள் தூக்க முடியாது. அதில் முன்பு தோல்வார் சுற்றும் உருளை இருந்தது. நான் கை வின்ச் பூட்டினேன். சுமார் 100 கிலோ இழுவை வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. முதலில் கம்பிக் கயிறு போட்டேன், அது இழுபட்டு இழுபட்டுத் துள்ளியது, துள்ளிய ஒவ்வொரு இடத்திலும் வெள்ளியில் மோதிரம்போல ஒரு வரை விழும். செயின் போட்டதும் நின்றது. இடையில் நிறுத்தினாலும் வரை விழும், ஆகவே தொடங்கினால் முடியும்வரை ஒரே ஓட்டம். செயினுக்கு நேரே ஆள் நிற்கக்கூடாது. செயினின் உயரமும் துளையின் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி வாழைப்பழம்போல வளைந்து வரும்.

பூசுவதற்குத் தேங்காய் எண்ணெய், சவர்க்காரம், தேன்மெழுகு மூன்றும் பார்த்தேன். எண்ணெய் அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடுகிறது. தேன்மெழுகுதான். கம்பியை லேசாகச் சூடாக்கித் தடவினால் மெல்லிய தோலாக ஒட்டிக்கொள்ளும்.

வைகாசி பிறப்பதற்கு முன் வெள்ளியைத் தொட்டோம். ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கினால் மாமா பட்டறையில் இருக்கமாட்டார். 925 வெள்ளி, 6 மில்லிமீற்றர் வட்டம், 20 சென்ரிமீற்றர். முனையை ஒரு அங்குலத்துக்குக் கூராக்கினோம். 5.2, பிறகு 4.8. அங்கே நிறுத்தி மாமா கதவைச் சாத்தினார். வெள்ளி பதம் வருகிற மங்கல் சிவப்பு வெளிச்சத்தில் தெரியாது, தெரியும் என்று காய்ச்சிக்கொண்டே போனால் உருகிவிடும். இருட்டில் சுடரை நெடுக ஓட்டினார். கம்பி செத்தல் மிளகாய் நிறத்துக்கு வந்த இடமெல்லாம் சுடர் நகர்ந்துவிடும். சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போட்டு, புளித் தண்ணீரில் கழுவினார். அதன் பிறகு 4.4.

கடைசி இழுப்புக்கு மேல் போல்ட்டிலும் வலப் போல்ட்டிலும் ஒன்றரை முகத்துக்குக் கொஞ்சம் கூட. "ஒள்ளுப்பம் ஒள்ளுப்பமாச் சுத்து, நிப்பாட்டாத" என்று மாமா அச்சுக்குப் பக்கத்தில் குனிந்து மெழுகு தடவிக்கொண்டே இருந்தார். கம்பி சத்தமில்லாமல் வந்தது. உலோகம் நன்றாக ஓடும்போது சத்தமே இருக்காது, கீச்சிட்டால்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். 35 சென்ரிமீற்றர் நீளம். வேர்னியர் அளவுகோலை ஐந்து இடத்தில் வைத்தேன். 4.02, 4.01, 4.02, 4.02, 4.01.

மாமா வேர்னியரைக் கேட்கவில்லை. பெருவிரல் நகத்தை விளிம்பில் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் இழுத்தார். நாலு விளிம்பையும் அப்படியே இழுத்தார். மறுபடி மென்மையாக்கி, வைஸில் இறுக்கி, சாவியைப் பூட்டி, எண்ணிக்கொண்டே திருகினார். கொடிகள் நாலும் ஒரே நெருக்கத்தில் ஏறின. நடுவில் நிறுத்தி அங்குல அளவை வைத்து எண்ணினார், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று.

"மறுகா அந்தப் பட்டைக்கு எவ்வளவு எண்டு சொன்ன?" என்றார். 6க்கு 2 என்றேன். மூலைவிட்டம் 6.32, ஆகவே 6.5 வட்டத்தில் தொடங்க வேண்டும். அவர் வெள்ளி உருக்கும் மூசையை எடுத்து உலையில் வைத்தார்.